மூன்று அரைநாள் ஓவியம், ஆறு மணிநேர வரைபடம்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் வரைதல் கல்வி

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் தகடு வெட்டி வளைத்துப் பற்றவைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் நெருங்கி நிற்கின்றன. அதே வட்டத்தில் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷ்லின் டயர் ஆலை இயங்குகிறது. கிழக்கே கடலோரம் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம், மேற்கே திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் சிட்கோ, தெற்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. உற்பத்தி செய்யும் பொருள்கள் வேறுவேறு. ஆனால் இவை எல்லாவற்றிலும் வேலை தொடங்குவது வரைபடத்தில். எங்கோ ஒருவர் வரைந்த தாளை இங்கே ஒருவர் சரியாகப் படித்தால்தான் இரும்பில் கை வைக்க முடியும்.

இதே பகுதியில்தான் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் வரிசையாக இருக்கின்றன. கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி, ஆவடியில் வேல்டெக் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், முருகப்பா பாலிடெக்னிக் என்று பட்டியல் நீளும். கல்லூரியின் வரைகூடத்துக்கும் பட்டறையின் மார்க்கிங் மேசைக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்தைக் கடந்து வந்து வாரத்தில் சில மணிநேரம் வரைதல் கற்பிப்பவர் யார், எந்த ஏற்பாட்டின் கீழ் வருகிறார், வராமல் போனால் ஏன் வரவில்லை என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

‘பகுதிநேர ஆசிரியர்’ என்று நாம் இரண்டு வகையினரைச் சொல்கிறோம். தனக்கென்று ஒரு தொழில் இருந்து, அதில் கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுவருபவர் ஒரு வகை. முழுநேர ஆசிரியருக்குரிய தகுதியும் விருப்பமும் இருந்தும், முழுச் சம்பளம் தர நிறுவனம் தயாராக இல்லாததால் பாதி வேலையில் நிறுத்தப்பட்டவர் மற்றொரு வகை. சென்னை மாகாணத்தில் வரைதல் கல்வியைத் தொடங்கிவைத்தவர்கள் முதல் வகையினர். இன்று நம்மிடம் பெரும்பாலும் இருப்பவர்கள் இரண்டாம் வகையினர். முதல் வகைக்காக எழுதப்பட வேண்டிய விதிகள் இரண்டாம் வகையை நீட்டிப்பதற்கே பயன்பட்டிருக்கின்றன.

மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி

சென்னையில் 1850இல் ஓவியப் பள்ளியைத் தன் சொந்தச் செலவில் பிராட்வேயில் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓர் அறுவை மருத்துவர். அடுத்த ஆண்டே அதனுடன் ஒரு தொழிற்பள்ளியையும் சேர்த்தார். 1850களின் நடுவில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று எழும்பூருக்கு அருகே ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வாரிசு. ஓவியமும் கைத்தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஹன்டரின் எண்ணம். கோடு போடத் தெரிந்த கைதான் மட்பாண்டத்தையும் மரவேலையையும் உலோகத்தையும் திருத்தமாகச் செய்யும் என்று அவர் நம்பினார்.

அரை நூற்றாண்டு கழித்து அதே பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் ஒரு பொறியியல் பேராசிரியர். 1898இல் அவர் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைச் சோதனையாகத் தொடங்கினார். அது வளர்ந்து தனி நிறுவனமாகப் பிரிந்து போனது. ஒருவர் மருத்துவத்திலிருந்தும் மற்றவர் பொறியியலிலிருந்தும் வந்தவர்கள். வரைதல் அவர்களுடைய முதல் தொழில் அல்ல. முதல் தொழிலின் தேவையே அவர்களை வரைதலுக்குக் கொண்டுவந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1794இல், மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளியை நிறுவியிருந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்கு நிலத்தை அளந்து வரைபடமாக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். பள்ளி அந்தத் தேவைக்காகவே பிறந்தது. ஆக, நகரின் மிகப் பழைய பொறியியல் கல்லூரியும் மிகப் பழைய ஓவியக் கல்லூரியும் ‘வரையத் தெரிந்த ஆள் வேண்டும்’ என்ற தேவையிலிருந்தே கிளைத்தவை.

பிறகு கிளைகள் விலகின. ஒருபுறம் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரும் தலைமை வகித்த ஓவியக் கல்வி நுண்கலையாக வளர்ந்தது. மறுபுறம் பொறியியல் வரைபடம் அளவுகோலும் டி-ஸ்கொயரும் கொண்ட தனிப் பாடமானது. இந்தப் பிரிவில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பள்ளியில் ஓவியம் கற்றுத்தருபவருக்கும் கல்லூரியில் வரைபடம் கற்றுத்தருபவருக்கும் தாங்கள் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்ற நினைவே இல்லாமல் போனது.

இரண்டு சட்டங்கள்

வரைதல் கல்வியைப் பற்றிய இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் துணியாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த பகுதி. ஐரோப்பியப் பொருள்களோடு போட்டியிட முடியவில்லை, வடிவமைக்கத் தெரிந்த தொழிலாளர் இல்லை என்று 1869இல் பாஸ்டன் நகரத் தொழிலதிபர்கள் மாநில அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1870இல் சட்டம் வந்தது. பொதுப் பள்ளிகளில் வரைதல் கட்டாயமானது. 10,000 பேருக்கு மேல் வசிக்கும் ஒவ்வோர் ஊரும் 15 வயதைத் தாண்டியவர்களுக்குத் தொழில்முறை வரைபடத்தைப் பகல் வகுப்பாகவோ மாலை வகுப்பாகவோ இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது. அடுத்த ஆண்டே இங்கிலாந்திலிருந்து வால்டர் ஸ்மித் வரவழைக்கப்பட்டார். 1873இல் வரைதல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தனிக் கல்லூரி திறக்கப்பட்டது. மாசச்சூசெட்ஸில் பகுதிநேரமாக வந்தவர் மாணவர். வேலை முடிந்து மாலையில் வந்த தொழிலாளி. அவருக்குக் கற்பிக்க ஆசிரியரை முழுமையாகத் தயாரித்தார்கள்.

நம்முடைய 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வேறு மாதிரி எழுதப்பட்டது. 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால் கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஒருவகையில் இது முன்னேற்றம்தான். ஓவிய ஆசிரியரே இல்லாத பள்ளிகளுக்கு ஆசிரியர் கிடைத்தார். ஆனால் கணக்குக்கும் அறிவியலுக்கும் முழு ஆசிரியர், ஓவியத்துக்குப் பகுதி ஆசிரியர் என்ற படிநிலையைச் சட்டமே எழுதிவைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2012இல் இந்த ஏற்பாட்டின்படி 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதத்துக்கு ரூ.5,000 தொகுப்பூதியம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் நிலைகளில் தேறியவர்களும் கவின்கலைக் கல்லூரிப் பட்டதாரிகளும் இவர்களில் இருந்தார்கள். ஊதியம் படிப்படியாக உயர்ந்து 2021இல் ரூ.10,000 ஆனது. 2023இல் போராட்டத்துக்குப் பின் ரூ.12,500 ஆக அறிவிக்கப்பட்டது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களுடைய நீண்டகாலக் குறையாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டங்கள் பத்திரிகை படிக்கும் எவருக்கும் தெரிந்தவை.

பள்ளியில் நடக்கும் இது பொறியியல் கல்லூரியைப் பற்றிய கட்டுரைக்குப் பொருந்தாதது போலத் தோன்றலாம். ஆனால் கல்லூரி முதலாண்டில் மினி டிராஃப்டரைப் பலகையில் பொருத்தி உட்காரும் மாணவர் அந்தப் பள்ளியிலிருந்து வருகிறார். ஒரு பெட்டியை மூலையிலிருந்து பார்த்தால் எந்த முகங்கள் தெரியும் என்பதைப் பன்னிரண்டு வயதில் பென்சிலால் வரைந்து பார்த்திருந்தால், பதினெட்டு வயதில் ஐசோமெட்ரிக் அவருக்குப் புதிர் ஆகாது. பெரும்பாலோர் வரைந்து பார்த்ததில்லை. பள்ளியின் மூன்று அரைநாள் விட்டுவைத்த பாக்கியைக் கல்லூரி முதல் வருடத்திலேயே வசூலிக்கிறது, கட்டுபவர் மாணவர்.

ஒரு மாணவருக்கு நான்கு நிமிடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் பொறியியல் வரைபடம் இரண்டாம் பருவப் பாடம். வாரத்துக்கு இரண்டு பாடவேளை விரிவுரை, நான்கு பாடவேளை செய்முறை, நான்கு கிரெடிட். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டாலும் உள்ளடக்கம் பெரிதாக மாறுவதில்லை. வளைகோடுகள், புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றின் புரொஜக்‌ஷன், திண்மங்களின் புரொஜக்‌ஷன், வெட்டுத்தோற்றமும் பரப்பு விரிப்பும், ஐசோமெட்ரிக்கும் பெர்ஸ்பெக்டிவும் என்று ஐந்து அலகுகள். தேர்வில் அலகுக்கு ஒன்றாக ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். விடை ஏ3 தாளில். கணினி வரைவைப் பழக வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்கிறது. ஆனால் அது தேர்வுக்கு இல்லை என்று பக்கத்திலேயே குறிக்கிறது.

இந்தப் பாடத்தின் கரு பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜுடையது. மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் கோட்டை அரண்களைத் திட்டமிட அவர் கண்டுபிடித்த முறையை ராணுவம் பல ஆண்டுகள் ரகசியமாக வைத்திருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1795இல்தான் அவர் அதை வெளிப்படையாகக் கற்பித்தார். முப்பரிமாணப் பொருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் வீழ்த்தி, அவற்றை ஒரே தாளாக விரிப்பது அவருடைய முறை. சொல்ல எளிது. மனத்துக்குள் அந்தத் தளம் திரும்ப வேண்டுமே, அங்கேதான் சிக்கல்.

அது எந்த இடத்தில் சிக்கிக்கொண்டது என்பதை விரிவுரையால் கண்டுபிடிக்க முடியாது. மாணவரின் தாளைப் பார்த்தால்தான் தெரியும். சாய்ந்த கூம்பின் மேல்தோற்றத்தில் மறைகோட்டை முழுக்கோடாகப் போட்டிருப்பார். அந்த ஒரு கோடே அவர் பொருளை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்பதைக் காட்டிவிடும். ஆசிரியர் பக்கத்தில் நின்று, ‘இந்த விளிம்பு உனக்குத் தெரியுமா, தெரியாதா?’ என்று கேட்க வேண்டும். வரைதல் திருத்துவதன் மூலமே கற்பிக்கப்படும் பாடம்.

இப்போது நேரத்தைக் கணக்கிடுவோம். ஒரு பிரிவில் 60 மாணவர்கள் என்பது வழக்கமான அளவு. நான்கு செய்முறைப் பாடவேளைகளை முழு மணிநேரங்களாகவே வைத்துக்கொண்டாலும் 240 நிமிடம். ஒரே ஆசிரியர் என்றால் ஒரு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு நிமிடம். வகுப்பை இரண்டாகப் பிரித்து இன்னொருவரைத் துணைக்கு அழைத்தால் எட்டு நிமிடம். வீட்டுக்குக் கொடுத்த தாளைத் திருத்த ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால், அதுவே வாரத்துக்கு இன்னும் ஐந்து மணிநேரம். அந்த ஐந்து மணிநேரம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை.

முழுநேர ஆசிரியர் அந்த ஐந்து மணிநேரத்தைத் தன் மாதச் சம்பளத்துக்குள் எப்படியாவது திணித்துக்கொள்வார். வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் ஆசிரியருக்கு அது இலவச வேலை. அதனால் திருத்தம் சுருங்குகிறது. தாளின் மூலையில் கையெழுத்தும் தேதியும் மட்டும் விழுகின்றன. மாணவரும் முந்தைய ஆண்டுக் கேள்விகளின் விடைகளைக் கோட்டுக்குக் கோடு மனப்பாடம் செய்து அரியர் இல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறார். ஐந்தில் ஒரு அலகை ‘சாய்ஸில் விடுவது’ இயலாத கேள்வித்தாளில் மனப்பாடம் ஒரு தற்காப்பு.

முப்பத்தொரு மில்லிமீட்டர்

பட்டறையிலிருந்து வரும் ஒருவர் இந்த வகுப்புக்கு எதைக் கூடுதலாகக் கொண்டுவர முடியும்? இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, தோற்றங்களை அடுக்கும் முறை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளி, கல்லூரிகளுக்காக வெளியிட்ட எஸ்பி 46 கையேட்டைப் பின்பற்றி நம் கல்லூரிகள் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையைக் கற்பிக்கின்றன. இதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இடப்பக்கத் தோற்றம் வலப்புறம் வரும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தேர்ட் ஆங்கிள் முறை; அங்கே எல்லாம் எதிர்ப்புறம். இந்தத் தொழிற்பகுதியில் அந்நாட்டு நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்பவர் கைக்கு வரும் தாள் பெரும்பாலும் இரண்டாவது வகை. தாளின் கீழ்மூலையில் நுனி வெட்டிய கூம்பின் சின்னம் எது எந்த முறை என்று சொல்லும். அதைக் கவனிக்காமல் கல்லூரிப் பழக்கத்தில் படித்தால், இடக்கைப் பிராக்கெட் வலக்கைப் பிராக்கெட்டாக வந்து நிற்கும். அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும். பொருள் மட்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பமாக இருக்கும். இந்தத் தவறுக்கு விலை கொடுத்த பட்டறையைப் பார்த்தவர், வகுப்பில் அந்தச் சின்னத்தை ஒரு மதிப்பெண் கேள்வியாக விட்டுவிட மாட்டார்.

இரண்டாவது, பரப்பு விரிப்பு. பாடநூலில் உருளையை விரித்தால் செவ்வகம். அதன் நீளம் விட்டத்தை πஆல் பெருக்கினால் வரும். பாடநூல் உருளைக்குத் தடிமன் கிடையாது. பட்டறைத் தகட்டுக்கு உண்டு. உள்விட்டம் 1,000 மி.மீ. உள்ள தொட்டியை 10 மி.மீ. தகட்டில் உருட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடநூல் கணக்குப்படி வெட்டினால் நீளம் 3,142 மி.மீ. ஆனால் வளையும்போது தகட்டின் உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். நடுவில் உள்ள அச்சு மட்டும்தான் நீளம் மாறாதது. எனவே சராசரி விட்டமான 1,010ஐ எடுக்க வேண்டும். அப்போது 3,173 மி.மீ. வித்தியாசம் 31 மி.மீ. பாடநூல்படி வெட்டியவரின் தொட்டியில் இரண்டு விளிம்புகளும் சேராமல் இரண்டு விரல் அகல இடைவெளி இருக்கும். கும்மிடிப்பூண்டியில் மார்க்கிங் செய்யும் ஃபிட்டருக்கு இது அன்றாடப் பாடம். பொறியியல் பட்டதாரிக்கு இது பல நேரம் வேலையில் சேர்ந்தபின் கிடைக்கும் முதல் அதிர்ச்சி.

கணினி வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முப்பரிமாண மாதிரியை உருவாக்கினால் மென்பொருளே எல்லாத் தோற்றங்களையும் எடுத்துத் தரும். தகடு விரிப்பையும் தடிமனைக் கணக்கில் கொண்டு தரும். உண்மை. ஆனால் எந்த விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், எந்த அளவுக்கு எவ்வளவு டாலரன்ஸ் விடலாம், எந்தத் துளை மற்றொரு உறுப்போடு பொருந்த வேண்டியது என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை. கையால் கோடு போடும் உழைப்பு குறையக் குறைய, தீர்மானிக்கும் அறிவுக்கு மதிப்புக் கூடுகிறது. அந்த அறிவு பெரும்பாலும் தொழிலில் இருப்பவரிடம் இருக்கிறது.

அதற்காகத் தொழிலில் இருப்பவர் எல்லாரும் நல்ல ஆசிரியர் ஆகிவிட மாட்டார். இருபது வருடம் வரைபடம் போட்ட டிராஃப்ட்ஸ்மேனுக்கு ‘இது தெரிந்ததுதானே’ என்று தோன்றும் இடத்தில்தான் மாணவர் தடுமாறுவார். சாய்ந்த தளத்தின் உண்மை வடிவத்தைக் கண்டுபிடிக்கும் தேர்வுக் கணக்கை அவர் பல்லாண்டுகளாகத் தொட்டிருக்கவும் மாட்டார். அவரும் முழுநேர ஆசிரியரும் ஒரே வரைகூடத்தில் சேர்ந்து நிற்கும்போதுதான் ஒருவரின் குறையை மற்றவர் நிரப்புவார்.

விதிகள் யாருக்காக

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு விரிவுரைக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000 என்று வரையறுத்தது. தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் இதே பெயரில் பணியாற்றுபவர்களின் தொகுப்பூதியம் ரூ.25,000 வரைதான் வந்திருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் அவரவர் வைத்ததே விகிதம். எந்த விகிதமாக இருந்தாலும் அளவுகோல் விரிவுரைதான். திருத்தம் அதில் அலகாகவே இல்லை.

காகிதத்தில் பகுதிநேரம் என்று எழுதாமலே நடக்கும் பகுதிநேரமும் உண்டு. 353 பேர் 224 பொறியியல் கல்லூரிகளில் 972 முழுநேரப் பணியிடங்களில் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம்சாட்டியது. அண்ணா பல்கலைக்கழகம் விசாரணையைத் தொடங்கியது. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளில் முழுநேரமாக நிற்குமானால், அங்கெல்லாம் வகுப்பில் நிற்பவர் யார்? ஆசிரியர்–மாணவர் விகிதம் ஆய்வுக்குழுவுக்குக் காட்டும் எண்ணிக்கையாகிவிட்டால், பாதிப்பை முதலில் காட்டுவது வரைபடம் போன்ற திருத்தப் பாடங்கள்தான். விரிவுரையை நூறு பேருக்கும் நிகழ்த்திவிடலாம். நூறு தாளைத் திருத்த முடியாது.

தொழிலில் இருப்பவரை வகுப்புக்குக் கொண்டுவர ஒரு நல்ல விதி 2022இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ திட்டத்தில் முனைவர் பட்டமோ நெட் தேர்ச்சியோ கட்டாயமில்லை. குறைந்தது 15 ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி நிரப்பக் கூடாது. அதிகபட்சம் மூன்று ஆண்டு, தேவைப்பட்டால் நான்காவது ஆண்டு. ஊதியத்தைத் தொழில் நிறுவனம் தரலாம், கல்வி நிறுவனம் தரலாம், மதிப்புறு பணியாகவும் இருக்கலாம். ஆனால் அனுபவம் உயர்பதவியில் இருந்தால் நல்லது என்றும் விதி சொல்கிறது. அதனால் கல்லூரிகள் தேடுவது பொது மேலாளரையும் துணைத்தலைவரையும். அவர்கள் வருகிறார்கள், தொழில்துறையின் எதிர்காலம் பற்றி உரையாற்றுகிறார்கள். ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்து வரைபட மேசையிலேயே தலை நரைத்தவருக்கு அந்தப் பதவியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

செய்யக்கூடியவை

இதைச் சரிசெய்யப் புதிய பல்கலைக்கழகமோ பெரும் நிதியோ தேவையில்லை. மூன்று மாற்றங்கள் போதும்.

முதலாவது, திருத்தும் நேரத்தைப் பணிச்சுமையாக எழுதுவது. 60 பேர் கொண்ட வரைபட வகுப்புக்கு ஆறு பாடவேளையோடு நான்கு அல்லது ஐந்து மணிநேரத் திருத்தத்தையும் சேர்த்து, அதற்கும் விரிவுரைக்குரிய விகிதத்தில் ஊதியம் தர வேண்டும். பகுதிநேர ஆசிரியரை மலிவானவர் என்று நிறுவனம் எடுக்கும் காரணத்தில் பாதி அப்போதே காணாமல் போகும். அதன்பின்னும் எடுத்தால், அவர் தேவை என்பதற்காக எடுப்பார்கள்.

இரண்டாவது, தொழிலிலிருந்து வருபவருக்கு முழுப் பாடத்தையும் கொடுக்காமல் பாடத்தின் ஒரு பகுதியைக் கொடுப்பது. வெட்டுத்தோற்றமும் பரப்பு விரிப்பும் உள்ள நான்காம் அலகை ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மார்க்கிங் தெரிந்தவர் செய்முறை வகுப்பில் எடுக்கட்டும். விரிவுரையும் தேர்வும் முழுநேர ஆசிரியரிடமே இருக்கட்டும். பட்டறை ஷிஃப்டுக்குத் தக்கபடி அந்த வகுப்புகளை மாலையிலோ சனிக்கிழமையிலோ வைக்கலாம். ‘உயர்பதவி’ என்ற விருப்பத்தைத் தளர்த்தி, டிப்ளமோ தகுதியுள்ள டிராஃப்ட்ஸ்மேனையும் ஃபிட்டரையும் ஏற்றால்தான் இது நடக்கும். சிப்காட்டும் சிட்கோவும் தங்கள் வளாகத் தொழிற்கூடங்களையும் அருகிலுள்ள கல்லூரிகளையும் இணைத்து ஒரு பட்டியல் தயாரித்தால் போதுமான தொடக்கம் கிடைக்கும்.

மூன்றாவது பள்ளியில் செய்ய வேண்டியது. அதுவே கடினமானதும்கூட. 6 முதல் 8 வரை ஓவியம் கற்பிப்பவரை மூன்று அரைநாளில் வைத்துக்கொண்டு, கல்லூரியில் மாணவருக்கு ‘இமாஜினேஷன் இல்லை’ என்று குறைபட்டுக்கொள்வது நியாயமல்ல. பதினைந்து ஆண்டுகளை நெருங்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு தற்காலிகமானது அல்ல. மாசச்சூசெட்ஸ் தன் ஆலைகளுக்காக 1870இல் எடுத்த முடிவின் பொருளாதாரத் தர்க்கம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். ஒரு மாவட்டம் இவ்வளவு இரும்பை வெட்டி வளைக்கிறது என்றால், அங்கே வரைதல் ஆசிரியர் முழுநேரப் பணியாளராக இருக்க வேண்டும். தொழிலில் இருந்து வருபவர் மட்டுமே பகுதிநேரமாக இருக்கலாம். இப்போது இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன.